திருகோணமலைத் துறைமுகம்: இவ்வளவு ஆழம் இருந்தும் ஏன் கொழும்பு மாதிரி வரேல்ல?

தம்பி கேட்டது இதுதான்: "சின்ன வயசில இருந்து திருகோணமலை உலகத்திலயே அருமையான இயற்கைத் துறைமுகம் எண்டு படிச்சு வந்திருக்கிறம், அதுக்காக எத்தனையோ நாடுகள் சண்டை பிடிச்சது எண்டும் படிச்சம், ஆனா கப்பல் எல்லாம் கொழும்புக்குத்தானே போகுது, அப்ப அங்க உண்மையில என்ன வசதி இருக்கு, ஏன் அது வளரேல்ல, சும்மா பாக்கப் போறவனுக்கு ஏதாவது பாக்க விடுவாங்களா?" நான் பிறந்து வளந்தது திருமலை, திருகோணமலையை நாங்க அப்படித்தான் சொல்றது. அப்பா சீனக்குடாப் பக்கம் கன காலம் வேலை செய்தவர். அதால ஹாபரைப் பற்றிக் கதைக்க வெளிக்கிட்டா எனக்கு நிப்பாட்டத் தெரியாது, கொஞ்சம் பொறுமையா வாசியுங்கோ.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். எங்கட துறைமுகத்தை ஆக்கள் தேடி வந்தது வியாபாரத்துக்கு இல்லை, ஒதுங்கிறதுக்கு. காத்துக்கு ஒதுங்கவும் எதிரிக்கு ஒதுங்கவும்தான் வந்தவங்க. இது விளங்கினா மிச்சம் எல்லாம் தானா விளங்கும்.

இடத்தின்ர அமைப்பைப் பாருங்கோ. வெளியில இருக்கிறது கொட்டியாரக் குடா, தெற்குப் பக்கம் மூதூர், மகாவலி கங்கை வந்து விழுறதும் அந்தக் குடாவுக்குள்ளதான். குடாவின்ர வடக்குப் பக்கம் ஒரு வாசல் மாதிரி இருக்கு, அகலம் அரைக் கிலோமீற்றர் அளவு, அதுக்குள்ளால போனா உள்துறைமுகம். சுத்திவர மலை, நடுவில சின்னச் சின்னத் தீவு, வெளியில கடல் கொந்தளிச்சாலும் உள்ளுக்க குளம் மாதிரி கிடக்கும். உள்ள இருக்கிற நீர்ப்பரப்பு மட்டும் 1,630 ஹெக்டேயர், கொழும்புத் துறைமுகம் மாதிரி கனக்க அதுக்குள்ள அடங்கும். ஆழம் மனுசன் தோண்டினதில்லை. கடலுக்கு அடியில ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஆழ்கடல்ல இருந்து குடா வரைக்கும் வந்து முட்டுது, அதாலதான் கரைக்குக் கிட்டவே இவ்வளவு ஆழம், அதாலதான் நீலத்திமிங்கிலமும் கரைக்குக் கிட்ட வருது. வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு, அதால பெரிய கப்பல்காரன் பெருக்குத் தண்ணிக்காகக் காத்து நிக்கத் தேவையில்லை. அடியில சேறு, நங்கூரம் நல்லாப் பிடிக்கும்.

சரி, இப்படி ஒரு இடம் ஏன் அவ்வளவு முக்கியமாச்சு? வாடைக்காத்துதான் காரணம். பாய்க்கப்பல் காலத்தை நினைச்சுப் பாருங்கோ. ஐப்பசி பிறந்தா வங்காள விரிகுடாவில புயல் காலம் தொடங்கிடும். சோழமண்டலக் கரை முழுக்க, சென்னை, புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் எண்டு எங்க பாத்தாலும் திறந்த கடல்தான், பெரிய போர்க்கப்பல் ஒதுங்க ஒரு மூலை கிடையாது. சென்னையில 19ஆம் நூற்றாண்டின்ர கடைசி வரைக்கும் கப்பல் தூரத்தில நிக்க, மசூலாப் படகில அலையைக் கிழிச்சு ஆளையும் சாமானையும் கரைக்குக் கொண்டு வந்தாங்க. அதால இங்கிலிஸ்காரன்ர கடற்படை ஒவ்வொரு வருசமும் வாடை தொடங்கக் கிழக்குக் கரையை விட்டுட்டு இந்தியாவைச் சுத்திக்கொண்டு பம்பாய்க்குப் போகும், திரும்பி வர சித்திரை ஆகும். அந்த மாசங்கள்ல சென்னைக்குக் கடல் பக்கம் காவல் இல்லை. திருகோணமலை ஆற்ற கையில இருக்கோ அவன் அந்தக் கிழக்குக் கரையிலயே நிக்கலாம், மற்றவன் போகத்தான் வேணும். இந்த ஒரு கணக்குக்காகத்தான் இவ்வளவு சண்டையும்.

ரெண்டு உதாரணம் சொல்றன், இதை எங்கட பள்ளிக்கூடப் புத்தகத்தில விரிவாப் போடுறதில்லை எண்டது எனக்குக் கவலை. 1746இல நாகப்பட்டினத்துக்கு வெளியில பிரெஞ்சு, பிரிட்டிஷ் கப்பல்கள் மோதிச்சுது. பிரிட்டிஷ் தளபதி பெய்டன் அடி வாங்கின கப்பல்களைத் திருத்த திருகோணமலைக்கு வந்தான். அப்ப அது ஒல்லாந்தற்ற, அதாவது டச்சுக்காரரின்ர கையில, ஆனா வர விட்டாங்க. அவன் அங்கால வங்காளத்துக்குப் போக, செப்டெம்பர்ல பிரெஞ்சுக்காரன் சென்னையைப் பிடிச்சிட்டான். அடுத்தது 1782. இது இன்னும் விறுவிறுப்பு. ஜனவரியில அட்மிரல் ஹியூஸ் ஒல்லாந்தர்ட்ட இருந்து திருமலையைப் பிடிச்சார், ஏழு மாசம் கழிச்சு ஓகஸ்ட் கடைசியில பிரெஞ்சு அட்மிரல் சுஃப்ரென் வந்து இறங்கி ஒரு சில நாள்ல அதைப் பறிச்சிட்டார், ஹியூஸ் சென்னையில இருந்து ஓடி வந்து பாக்க கோட்டையில பிரெஞ்சுக் கொடி. செப்டெம்பர் 3ஆம் திகதி வெளியில பெரிய கடற்சண்டை, ரெண்டு பக்கமும் கடும் சேதம், ஒருத்தரும் வெல்லேல்ல. ஆனா துறைமுகம் இல்லாதபடியா ஹியூஸ் பழையபடி பம்பாய்க்கே போக வேண்டியதாப் போச்சு.

இதில இன்னொரு விசயம் இருக்கு, பிறகு நான் சொல்லப் போறதுக்கு இது முக்கியம். திருமலையைக் கையில வச்சிருந்த சுஃப்ரெனும் அந்த வாடைக்கு அங்க நிக்கேல்ல, சுமாத்திராவில இருக்கிற அச்சேக்குப் போனார். ஏனெண்டா ஒதுங்க இடம் இருந்தது, ஆனா ஆயிரக்கணக்கான மாலுமிக்குச் சாப்பாடு போட அந்த ஊரில வழி இல்லை. பின்னால நிலம் எல்லாம் காடு, ஆக்கள் குறைவு, காய்ச்சல் வேற.

அதுக்கு முந்தின கதையை வேகமாச் சொல்றன். பழைய சிங்கள, பாளி நூல்கள்ல கோகர்ண எண்டு வாறது இந்த ஊர்தான். சுவாமி மலையில கோணேசர் கோயில், சம்பந்தர் பாடின தலம். 1620இல டென்மார்க்கில இருந்து ஓவ எட்டே எண்டவர் கப்பலோட வந்து கண்டி ராசாவோட கதைச்சு திருமலையில கோட்டை கட்டப் பாத்தார், சரிவரேல்ல. அதே வருசம் தஞ்சாவூர் நாயக்கரோட ஒப்பந்தம் செய்து அவங்க கோட்டை கட்டின இடம்தான் தரங்கம்பாடி. இங்க வேலை சரிவந்திருந்தா தரங்கம்பாடியின்ர கதையே வேற மாதிரிப் போயிருக்கும். அதுக்குப் பிறகு 1620களில போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்டன்டினோ டி சா கோணேசர் கோயிலை இடிச்சு அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினான். இண்டைக்கும் கோட்டை வாசல்ல பாண்டியரின்ர ரெட்டை மீன் செதுக்கின கல்லைப் பாக்கலாம், எத்தனை தரம் பாத்தாலும் எனக்கு நெஞ்சு கனக்கும். 1639இல ஒல்லாந்தர் பிடிச்சாங்க. 1672இல பிரெஞ்சுக்காரன் கொஞ்ச நாள் வந்து நிண்டுட்டுப் போனான். 1659 கடைசியில சென்னைப் பக்கம் புயல்ல பாய்மரம் முறிஞ்ச ஒரு இங்கிலிஸ் கப்பல் திருத்த வேலைக்குக் கொட்டியாரத்துக்குத்தான் வந்தது, அதில வந்த ரொபட் நொக்ஸ் எண்ட பொடியனைக் கண்டி ராசா பிடிச்சு 19 வருசம் விடேல்ல. பாத்தீங்களோ, அவரும் ஒதுங்க வந்தவர்தான். 1795 ஓகஸ்டில பிரிட்டிஷ் முழுசாப் பிடிச்சாங்க, பிறகு ஒண்டரை நூற்றாண்டுக்கு மேல அவங்கதான். கோட்டைக்கு பிரட்றிக் கோட்டை எண்டு பேர் வச்சதும் அவங்க.

இரண்டாம் உலகப்போர் வந்தாப் பிறகு கதை வேற கட்டத்துக்குப் போச்சு. 1942 பெப்ரவரியில சிங்கப்பூர் விழுந்தோட இந்து சமுத்திரத்தில பிரிட்டிஷ் கடற்படைக்குக் கொழும்பும் திருமலையும் முக்கியமான தளமாப் போச்சு. ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் கொழும்பில குண்டு போட்டுது, 9ஆம் திகதி காலையில திருமலையில. விமானம் வருது எண்டு முதல் நாளே தகவல் கிடைச்சதால கப்பல்களை இரவோட வெளியில அனுப்பிட்டாங்க, ஆனா விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் மட்டக்களப்புக்கு வெளியில போய்க்கொண்டிருக்கேக்க அகப்பட்டு மூழ்கிச்சுது, முந்நூறுக்கு மேல ஆக்கள் செத்தாங்க. துணைக்குப் போன ஒஸ்ரேலியக் கப்பல் வம்பயரும் போச்சு. துறைமுகத்துக்குள்ள நிண்ட சகைங் எண்ட சரக்குக் கப்பல் குண்டு பட்டு எரிஞ்சது, கிட்டத்தட்ட 75 வருசம் தண்ணிக்கு அடியில கிடந்ததை 2018இல இலங்கைக் கடற்படை மிதக்க வச்சு வெளியில எடுத்தாங்க. அந்தத் தாக்குதலுக்குப் பிறகு கடற்படை ஆபிரிக்காவில கிலிண்டினிக்குப் பின்வாங்கி, 1944இல திரும்பி வந்தது. அந்த வருசம் ஏப்ரல்ல ஜப்பான் பிடிச்சு வச்சிருந்த சுமாத்திராப் பக்கத்துச் சபாங் மேல போட்ட தாக்குதல் இங்க இருந்துதான் வெளிக்கிட்டது, அமெரிக்கக் கப்பல் சரட்டோகாவும் அதில இருந்தது. ஓகஸ்டில போர்க்கப்பல் வேலியண்ட் திருத்தத்துக்கு ஏறி நிண்ட மிதக்கும் டொக், பாரம் தாங்காம உடைஞ்சு தாண்டு போச்சு. எதிரி போட்ட குண்டாலயும் இல்லை, விபத்து.

இனி எண்ணெய்க் குதங்கள், அதாவது எண்ணெய் சேர்த்து வைக்கிற பெரிய தாங்கிகள். எல்லாரும் பேப்பர்ல பேர் கேட்டிருப்பீங்க, ஆனா என்னெண்டு நேர பாத்தாத்தான் விளங்கும். சீனக்குடாவில காட்டுக்குள்ள பிரமாண்டமான இரும்புக் குதங்கள், ரெண்டாம் போருக்கு முந்தின காலத்தில கடற்படைக் கப்பலுக்கு எண்ணெய் சேர்க்க பிரிட்டிஷ் கட்டினது. இப்ப இருக்கிறது 99. ஒண்டில கிட்டத்தட்ட 12,000 கன மீற்றர் கொள்ளும், அப்ப எல்லாம் சேர்த்தா பத்து இலட்சத்துக்கு மேல போகுது. குதங்கள் ரெண்டு தொகுதியா இருக்கு: கீழ்ப் பண்ணை எண்டுறது கரைக்குக் கிட்ட, மேல் பண்ணை உள்ளுக்க. மேல இருக்கிறதுகள்ல கனக்கச் சும்மாதான் கிடக்கு, சுத்திவரக் காடு வளந்து யானை திரியிற இடம். 2003இல இந்தியன் ஒயில் கம்பனியின்ர இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 35 வருசக் குத்தகை எண்டு குடுத்தாங்க, அவங்க கீழ்ப் பண்ணையைத்தான் பாவிச்சு வந்தாங்க. 2022 ஜனவரியில புது ஒப்பந்தம்: 14 குதம் ஐஓசிக்கு, 24 இலங்கை பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 ரெண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு, அதில கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 2025 ஏப்ரல்ல இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூண்டும் சேர்ந்து திருமலையை எரிசக்தி மையமா ஆக்கிறதுக்கு ஒரு உடன்பாடும் போட்டாங்க.

இந்தியா ஏன் இதில இவ்வளவு கண் வைக்குது எண்டு கேட்டா, பதில் 1987இலயே எழுத்தில இருக்கு. ஜூலை 29ஆம் திகதி ராஜீவும் ஜெயவர்த்தனாவும் பரிமாறின கடிதங்கள்ல ரெண்டு வரி: திருகோணமலையோ வேற எந்தத் துறைமுகமோ இந்தியாவுக்குப் பாதகமா எந்த நாட்டின்ர ராணுவப் பாவனைக்கும் குடுக்கக் கூடாது, எண்ணெய்க் குதங்களைத் திருத்தி நடத்துறது ரெண்டு நாடும் கூட்டாச் செய்ய வேணும். 1782இல இருந்த அதே கணக்குத்தான் பாருங்கோ. தான் பாவிக்கிறதை விட மற்றவன் பாவிக்காமப் பாக்கிறது. பிரிட்டிஷ்காரன் போனதும் லேசில இல்லை. நாடு 1948இல சுதந்திரம் அடைஞ்சாலும் கடற்படைத் தளத்தை விடேல்ல, பண்டாரநாயக்கா வந்தாப் பிறகு 1957 ஒக்ரோபர்லதான் கையளிச்சாங்க.

பிறகு எங்கட சொந்தப் போர். 1995 ஏப்ரல் 19ஆம் திகதி துறைமுகத்துக்குள்ளயே ரெண்டு கடற்படைக் கப்பலைப் புலிகள் தாட்டதோடதான் மூண்டாம் கட்ட ஈழப்போர் தொடங்கினது. 2006 ஓகஸ்டில யாழ்ப்பாணத்துக்குப் போற ஏ9 பாதை பூட்டின பிறகு யாழ்ப்பாணச் சனத்துக்குக் கப்பல்தான் வழி. திருமலையில இறங்கி, பையையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரிசையில நிண்ட சனத்தை நான் கண்ணால கண்டிருக்கிறன். அந்தச் சனத்துக்கும் இந்தத் துறைமுகம் ஒதுங்கிற இடமாத்தான் இருந்தது.

இப்ப வசதிக்கு வாறன். துறைமுகம் இலங்கைத் துறைமுக அதிகார சபையின்ர கீழ, ஆனா டொக்யாட் முழுக்கக் கடற்படையிட்ட, கிழக்குக் கட்டளையகமும் கடற்படை அக்கடமியும் அதுக்குள்ளதான். அதாவது ஒரே தண்ணியில வியாபாரக் கப்பலும் போர்க்கப்பலும். சரக்கு இறக்கிற பொதுவான இடம் அஷ்ரப் ஜெட்டி, முன்னாள் துறைமுக அமைச்சர் அஷ்ரப்பின்ர பேர். அதை விட்டா ஒவ்வொரு பெரிய கம்பனிக்கும் தன்ர தன்ர இறங்குதுறை. பிறீமா மா ஆலை 1980இல தொடங்கினது, கோதுமை கப்பல்ல வந்து நேர ஆலைக்குள்ள உறிஞ்சுப்படும், நாங்க சின்னனில சாப்பிட்ட பாண் எல்லாத்துக்கும் மா அங்க இருந்துதான். டோக்கியோ சீமெந்து 1980களில வந்தது, அதுக்குக் கிளிங்கர் எண்ட சீமெந்து மூலப்பொருள் கப்பல்ல வரும். குதங்களுக்கு எண்ணெய்க் கப்பல், கடல்ல போற கப்பலுக்கு எரிபொருள் நிரப்புறதும் நடக்குது. புல்மோட்டைக் கனிய மண்ணும் இந்த வழியாப் போறது. கொழும்பில வானத்தை முட்டிக்கொண்டு நிக்கிற கன்ரெயினர் கிரேன் வரிசை இங்க இல்லை, ஜெட்டிக்கு வாற கப்பல் கூடுதலாத் தன்ர கிரேனாலதான் இறக்கும். 1927இல போட்ட ரயில் பாதை கல்ஓயா சந்தியால கொழும்போட சேருது, சீனக்குடாவில விமான ஓடுபாதையும் இருக்கு, ஆனா அது விமானப்படையின்ர. 2009இல கிண்ணியாப் பாலம் திறந்தது பெரிய உதவி, அதுக்கு முதல் மூதூர்ப் பக்கம் போக பாதை எண்டு சொல்ற மிதவைப் படகும் லோஞ்சும்தான்.

அப்ப ஏன் கொழும்பு மாதிரி வரேல்ல? சனம் எல்லாம் போரைத்தான் சொல்லும். போர் ஒரு காரணம்தான், ஆனா 1983க்கு முந்தியும் வரேல்லயே. கொழும்பு இயற்கைத் துறைமுகமே இல்லை, 1875இல கல்லுப் போடத் தொடங்கி 1885இல அலைதாங்கி கட்டி முடிச்ச செயற்கைத் துறைமுகம். பிரிட்டிஷ்காரன் கையில திருமலையை வச்சுக்கொண்டு ஏன் காசு செலவழிச்சு அதைக் கட்டினான்? கோப்பியும் தேயிலையும் விளையிற மலைநாட்டில இருந்து 1867இலயே கண்டி–கொழும்பு ரயில் ஓடத் தொடங்கிட்டுது. 1869இல சுயஸ் கால்வாய் திறந்தாப் பிறகு ஐரோப்பாவுக்கும் தூர கிழக்குக்கும் போற கப்பல் இலங்கையின்ர தென்முனையைச் சுத்தித்தான் போகுது. அந்தப் பாதையில இருந்து கொழும்புக்கு வந்து போறது சின்ன விலகல், திருமலைக்கு வாறதெண்டா கிழக்குக் கரையால மேல ஏறிப் பிறகு திரும்ப வேணும். கன்ரெயினர் கப்பல்காரனுக்கு ஒரு நாள் எண்டா பெரிய காசு, அவன் அழகான குடாவுக்காக வரமாட்டான். இப்ப கொழும்பில வருசத்துக்கு 70 இலட்சத்துக்கு மேல கன்ரெயினர் கையாளுறாங்க, அதில பெரும்பகுதி இலங்கைக்கு வாற சாமானே இல்லை, இந்தியாவுக்கும் மற்ற இடத்துக்கும் கப்பல் மாத்திறது. ஆழமும் இப்ப பிரச்சினை இல்லை, தெற்கு முனையத்தில 18 மீற்றர் தோண்டி எடுத்திட்டாங்க. இயற்கை சும்மா தந்ததைக் காசு இருந்தா இந்தக் காலத்தில வாங்கலாம். பின்னால இருக்கிற ஊரையும் ஆலையையும் அப்படி ஒரு நாள்ல வாங்க ஏலாது. சுஃப்ரெனுக்கு நடந்ததும் அதுதான்.

என்ர கருத்துக்கு, திருமலையைக் கொழும்போட போட்டிக்கு விடுறது பிழை. அம்பாந்தோட்டையைக் கட்டிப்போட்டுக் கப்பலைத் தேடி, கடைசியில 2017இல 99 வருசக் குத்தகைக்குக் குடுத்ததைக் கண்ட பிறகாவது இது விளங்க வேணும். இந்த இடத்துக்குப் பொருத்தம் மொத்தச் சரக்கு, எண்ணெய், கப்பல் திருத்தம். கப்பல் திருத்திறதுக்கு அலை இல்லாத ஆழத் தண்ணியும் கரையில பரந்த நிலமும் வேணும், ரெண்டும் இருக்கு, ஆனா பெரிய வணிகக் கப்பல் ஏத்திற உலர்துறை இல்லை. அப்படி ஒண்டு வந்தா வெல்டிங், பிட்டர், பெயின்ற் எண்டு எங்கட மூவினப் பொடியளுக்கும் ஊரிலயே தொழில் கிடைக்கும். இப்ப மத்தியகிழக்குக்குப் போய் அங்கத்தைய கப்பல் பட்டறையில இதே வேலையைச் செய்யிறவங்க எங்கட ஊரில கன பேர். குதங்களைப் பற்றி மூண்டு நாடு கையெழுத்து வைக்குது, நல்லது, ஆனா அதில எத்தனை வேலை உள்ளூருக்கு எண்ட வரியையும் யாராவது கேட்டு எழுதி வைக்க வேணும்.

கடைசியா, பாக்கப் போகலாமோ எண்டு கேட்டீங்க. போகலாம். 2023 ஜூன்ல சென்னையில இருந்து வந்த எம்பிரஸ் எண்ட சொகுசுக் கப்பல் அம்பாந்தோட்டை, திருமலை, காங்கேசன்துறை எண்டு வந்து போனது. சொந்தப் பாய்ப்படகில வாறவைக்கும் இது நாட்டுக்குள்ள நுழையிற துறைமுகம், முகவர் ஒருத்தரைப் பிடிச்சுத்தான் உள்ள வர வேணும். தரையால வாறவைக்கு ஜெட்டிக்குள்ள அனுமதி இல்லாமப் போக ஏலாது, டொக்யாட்டுக்குள்ள இருக்கிற ஹுட்ஸ் டவர் கடற்படை அருங்காட்சியகத்துக்கும் வாசல்ல கேட்டுத்தான் விடுவாங்க, ஆனா முயற்சி செய்யுங்கோ, அந்தப் பழைய பீரங்கி மேட்டில நிண்டா துறைமுக வாசல் முழுக்கக் கண்ணுக்குக் கீழ. ஒண்டும் சரிவரேல்ல எண்டாலும் உட்துறைமுக வீதியில பின்னேரம் நடந்தாலே நங்கூரம் போட்டு நிக்கிற கப்பல்களைப் பாக்கலாம். கோட்டைக்குள்ளால மான் மேயிற பாதையில கோணேசர் கோயிலுக்கு ஏறுங்கோ. வாடை முடிஞ்சு கடல் அடங்கின மாசங்கள்ல காலமை வெள்ளனப் போனா, சுவாமி மலையில நிண்டுகொண்டே தூரத்தில திமிங்கிலம் மூச்சு விடுற நீர்ப்புகையைக் காணக் குடுத்து வைக்கும். வரேக்க ஒரு தொலைநோக்கியும் கொண்டு வாங்கோ.